மூன்றாவது கட்டு

எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு இரண்டு கடிகாரங்கள்.
ஒன்று சொல்வது நேரம்,
மற்றது சொல்வது பொய்.
சாத்தான் குழம்பட்டும் என்று வைத்தார்களாம்.
அவன் குழம்பினானோ என்னவோ,
மால்டாக்காரர்கள் நாங்கள்
எதையும் இரண்டோடு நிறுத்தப் பழகிவிட்டோம்.

சதுக்கத்தின் கிழக்கே சிவப்பு மதுக்கடை,
மேற்கே நீலம்.
இரண்டுக்கும் பாஸ்டிட்ஸி வருவது
நீனு வெல்லாவின் ஒரே அடுப்பிலிருந்து.
அவன் எந்தப் பக்கம் என்று
நாற்பது வருடமாக ஊர் மோப்பம் பிடிக்கிறது.

எங்கள் வீடு சிவப்பு.
தேர்ந்தெடுத்ததில்லை, மூக்கு வந்த மாதிரி வந்தது.
அப்பாவின் அப்பா கப்பல் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர்.
பிஷப்புக்கும் கட்சிக்கும் சண்டை முற்றிய வருடம் இறந்தார்.
மந்திரித்த மண் இவருக்குக் கிடையாது என்று
சுவருக்கு அப்பால்
குப்பைமேடு என்று பேர்வைத்த மூலையில் புதைத்தார்கள்.
யாருக்கு ஓட்டு என்ற கேள்வி
அதோடு எங்கள் வீட்டில் முடிந்துபோனது.
எதிர்வீட்டு டுமிங்குவுக்கும்
இதுபோல் ஒரு பிணமோ, பிடுங்கப்பட்ட வேலையோ இருந்திருக்கும்.
நாங்கள் விசாரித்ததில்லை.

இந்த முறையும் ஸேஸா சாந்தார் நின்றாள்.
மாட்டு வைத்தியர்.
சிவப்புப் பூனை, நீலப் பூனை பார்க்காமல் ஊசி போடுபவள்.
கிணறுகளில் உப்பேறுவதைப் பற்றி
ஒரு வெள்ளை நோட்டீஸ் அடித்தாள், படம் இல்லாமல்.
கிழக்கே சொன்னார்கள்:
“நீ சொல்வது சரிதான் ஸேஸா,
உனக்குப் போட்டால் அவர்கள் வந்துவிடுவார்களே.”
மேற்கே போனாள்.
அங்கேயும் அதே வாக்கியம்,
‘அவர்கள்’ மட்டும் வேறு ஆட்கள்.

இத்தனைக்கும் எங்கள் சட்டத்தில் ஒரு வசதி உண்டு.
ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போடலாம்.
தோற்றவளின் ஓட்டு வீணாகாது,
அடுத்த பெயருக்கு நடந்துபோகும்.
என்ன செய்ய,
பயம் சட்டம் படிப்பதில்லை.

எண்ணும் கூடத்தில் நான் மேசைக்கு இந்தப் பக்கம்.
பத்திரப்பதிவு குமாஸ்தா, மூன்று நாள் படி.
நடுவில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் சுவர்.
அந்தப் பக்கம் ஏஜெண்டுகள்,
ஒவ்வொரு சீட்டுக்கும் சுவரை அறைகிறார்கள்,
ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுவதுபோல.
சிவப்புக் கட்டு முழங்கை உயரம்.
நீலம் ஒரு விரல் கூட.
ஸேஸாவின் கட்டு
ரப்பர் வளையத்துக்குள் தொளதொளவென்று நின்றது.
இருநூற்றுப் பதினேழு.

பதினோராம் சுற்றில் அவளை விலக்கினார்கள்.
பிரி என்றார்கள், பிரித்தேன்.
கோபித்துக்கொண்டு போன பிள்ளைகள்
இருட்டியதும் வீடு திரும்புவதுபோல
சிவப்புக்குக் கொஞ்சம், நீலத்துக்குக் கொஞ்சம்.
இரண்டே போடாமல் நின்றவை ஒன்பது.
அவற்றுக்குத் தனிப் பெட்டி.
அதற்காக எந்தக் கையும் சுவரை அறையவில்லை.

அப்புறம் ஒரு சீட்டு.
ஒன்றுக்குத் தொப்பி,
இரண்டுக்கு வாத்தின் கழுத்து, அடியில் ஒரு சிறு முடிச்சு.
என் கை.

சுவருக்கு அப்பால் மூக்கை நசுக்கிக்கொண்டு
என் தம்பி விஸ்டின், சிவப்பு ஏஜெண்ட்.
இரண்டு யாருக்கு என்று மட்டும் பார்த்தான்.
அறைந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.
ஒன்றை நான் போட்டேன்.
இரண்டைப் போட்டது
சுவருக்கு அப்பால் கிடப்பவர் என்று
இதை எழுதும்போதுதான் படுகிறது.

நீலம் ஜெயித்தது.
விடியவிடிய வாணவேடிக்கை.
காலையில் ஸேஸாவின் வராந்தாவில்
விஸ்டினின் நாயும் டுமிங்குவின் நாயும்
ஒரே பெஞ்சுக்கு அடியில்
ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தன.
மேலே இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி.

“எத்தனை?” என்றாள் என்னிடம்.
“இருநூற்றுப் பதினேழு.”
“போன தடவை நூற்றுத் தொண்ணூறு,” என்று
ஊசியில் மருந்தை ஏற்றி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
“அடுத்தது யார்?”